வாசல்ல வேப்பிலை, மூணாம் பக்கத்துல விலாசம்

நான் செஞ்ச ஒரு ஃபாரத்தால ஒரு பொம்பளையும் அவ பிள்ளையும் செத்திருப்பாங்க. ஆத்தா தடுத்தா. மாரியாத்தாவை நம்பி வெள்ளிக்கிழமைதோறும் இங்க கூடுற உங்ககிட்ட இதைச் சொல்லாம இருந்தா எனக்குத் தொண்டையில சோறு இறங்காது. அதான் சொல்றேன்.

வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை. குடும்பக் கோடதிக்கு, அதான் ஃபேமிலி கோர்ட்டுக்கு, போற மனு எல்லாத்தையும் ஆன்லைன்ல நிரப்புற ஃபாரமா நானே செஞ்சு வச்சிருக்கேன். விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளை யார்கிட்ட இருக்கணும்ங்கிற கேஸ், எல்லாத்துக்கும் தனித்தனியா. மலையாளத்துல கேட்டிருக்கிறதுக்குக் கீழேயே தமிழ்ல எழுதியிருப்பேன். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகள்ல இருக்கிற நம்ம பொம்பளைங்க போன்லயே கட்டம் கட்டமா நிரப்பி அனுப்பிருவாங்க. பேரையும் விலாசத்தையும் ஒரு இடத்துல அடிச்சா போதும், எல்லாப் பக்கத்துலயும் தானா வந்து விழும். வக்கீலுங்க மெச்சினாங்க. எனக்குத் தலைகால் புரியலை.

புஷ்பம்னு வைங்க, அது அவ பேர் இல்லை. எங்க பக்கத்து எஸ்டேட்ல கொழுந்து எடுத்தவ. புருஷன் குடிகாரன்னு சொன்னா பத்தாது. தேயிலைச் செடி கவ்வாத்து பண்ற கத்தியை அவ கழுத்துல வச்சவன். அஞ்சு வயசு மகளைத் தூக்கிக்கிட்டு ஓடி, சின்னக்கானல் பக்கம் அக்கா லயத்துல ஒளிஞ்சிருந்தா. பிள்ளை தன்கிட்டயே இருக்கணும், அவன் கிட்ட வரக்கூடாதுன்னு கோடதியில கேக்க, என் ஃபாரத்தைத்தான் நிரப்பினா. அவ இருக்கிற இடம் கோடதிக்கு மட்டும் தெரியணும். அதுக்குன்னு கடைசியில தனிப் பக்கம் வச்சிருந்தேன். புருஷனுக்குப் போற நகல்ல, மூணாம் பக்கத்துல, வக்கீல் ஆபீஸ் விலாசம்தான் இருக்கணும்.

போன ஆடி மாசம், நல்ல மழை. காலையில கடை திறந்ததும் இன்னொரு பொண்ணுக்கு அதே ஃபாரத்தை நிரப்பிக்கிட்டிருந்தேன். கடைசிப் பக்கத்துல அவ விலாசத்தை அடிக்கிறேன், மூணாம் பக்கத்துல இருந்த வக்கீல் விலாசம் அழிஞ்சு அங்கேயும் அதுவே வந்து உக்காந்துக்கிச்சு. கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு கட்டத்துக்கும் நான் ஒரே பேர் வச்சுத் தொலைச்சிருக்கேன். என் கெட்டிக்காரத்தனத்துல தீயை வைக்க.

புருஷனுக்குப் போன புஷ்பத்தோட நகலைத் திறந்தேன். டிவிஷன், லயம், வீட்டு நம்பர், எல்லாம் மூணாம் பக்கத்துல. அவளோட வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். அவங்களும் கவனிக்கலை. அவனுக்கு நோட்டீசு போய் நாலு நாளாச்சுன்னாங்க. லயத்து ஆளுங்க தபாலை எஸ்டேட் ஆபீஸ்லதான் வாங்கி வைப்பாங்க, காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுறப்ப கையில குடுப்பாங்க. அவன் வேலை பார்க்கிற எஸ்டேட் சூப்பர்வைசரைப் போன்ல கேட்டேன். இன்னைக்குக் காலையிலதான் குடுத்தோம், படிச்சதும் அவன் கூடையைப் போட்டுட்டு பஸ் ஏறிட்டான்னார்.

புஷ்பத்துக்கு போன் போகலை. அங்க மழை பெஞ்சா டவர் இருக்காது. வக்கீலம்மா போலீசுக்குச் சொன்னாங்க. மலையில மரம் விழுந்து கிடக்கு, வெட்டிட்டு வர்றோம்னாங்களாம்.

கடையை அப்படியே போட்டுட்டு நானும் பஸ் ஏறினேன். அவன் எனக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி. குமுளி தாண்டுச்சு, நெடுங்கண்டம் தாண்டுச்சு. வேண்டிக்கிட்டே போனேன். வேண்டுதல் என்ன வேண்டுதல், சண்டைதான் போட்டேன். "ஆத்தா, தப்பு செஞ்சது நான். வெட்டு விழணும்னா என் மேல விழட்டும். அந்தப் பிள்ளையை நீ மடியில வச்சுக்கோ. இல்லேன்னா இனி உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்." பக்கத்து சீட்டு அம்மா தள்ளி உக்காந்துக்கிட்டாங்க.

பூப்பாறையில இறங்கி ஜீப் பிடிச்சேன். மரம் கிடந்த இடத்துல இருந்து நடைதான். லயத்துக்குள்ள நுழையிறப்பவே ஒருத்தி சொன்னா, மத்தியானம் ஒருத்தன் கத்தியோட வந்தான்னு.  வீட்டு நம்பர் பார்த்துக்கிட்டே ஓடினேன்.

அவ வாசல்ல வேப்பிலை தொங்குச்சு. அந்தக் குளிர்ல வேப்பமரம் ஏது? போடியில இருந்து காய்கறி ஏத்திட்டு வர்ற ஜீப்ல சொல்லி வாங்கிக் கட்டியிருக்காங்க. உள்ள பிள்ளைக்கு உடம்பு பூரா முத்து. அம்மை போட்டு மூணு நாள். பக்கத்துல புஷ்பம் உக்காந்திருந்தா, உயிரோட.

அவன் கத்தியோட படியில கால் வச்சிருக்கான், வேப்பிலையைப் பார்த்திருக்கான். குடிச்ச வாயோட, வழிநடை அழுக்கோட, ஆத்தா இறங்கியிருக்கிற வீட்டுக்குள்ள நம்ம ஆளுங்க நுழைவாங்களா? எவ்வளவு பெரிய சண்டியரா இருந்தாலும் மாட்டான். யாருக்குன்னு கேட்டானாம். உங்க மகளுக்குன்னு உள்ள இருந்து புஷ்பம் சொன்னாளாம். செருப்பைக் கழட்டிட்டு மழையில கொஞ்ச நேரம் நின்னவன், அதைப் போடாமலே இறங்கிப் போயிட்டான். அந்தச் செருப்பு அங்கேயே கிடந்துச்சு, நான் பார்த்தேன். நேரத்தைக் கணக்குப் பார்த்தா, நான் பஸ்ல ஆத்தாகூட சண்டை போட்டுக்கிட்டிருந்த நேரம்.

நானும் உள்ள போகலை. வாசல்லயே நின்னேன். புஷ்பம் என்னைப் பார்த்துக் கேட்டா.

"அக்கா, இந்த இடம் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

"நான்தாண்டி குடுத்தேன். என் ஃபாரத்துல தப்பு."

அவ திரும்பி, பிள்ளைக்கு வேப்பிலையால வீசினா. அறைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். அப்புறம் சொன்னா, "குளிச்சிட்டு உள்ள வாங்க. பிள்ளைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் போகாதீங்க."

இருந்தேன். எஸ்டேட் நர்சம்மா வந்து மருந்து குடுத்துட்டுப் போவாங்க, நான் வேப்பிலையால தடவிக் குடுப்பேன். பிள்ளை சொறிஞ்சிக்கிட்டு அழுறப்ப எல்லாம் எனக்கும் அழுகை வரும். தலைக்குத் தண்ணி ஊத்தின அன்னைக்குத்தான் கிளம்பினேன். புஷ்பம் என்னை மன்னிச்சாளான்னு இன்னும் தெரியாது. கேக்க எனக்கு வாயில்லை.

அவனைப் பிடிச்சாங்க, ஜாமீன்ல விட்டாங்க. பிள்ளை தாய்கிட்டயே இருக்கட்டும், அவன் நெருங்கக்கூடாதுன்னு கோடதி உத்தரவு போட்டுச்சு. காகிதத்துக்கு அவன் எவ்வளவு பயப்படுவானோ, எனக்கு நம்பிக்கை இல்லை. பிள்ளை நெத்தியில ஒரு தழும்பு நின்னுபோச்சு.

என் ஃபாரத்துல இப்ப எந்த விலாசமும் தானா வந்து விழாது. ஒவ்வொண்ணும் தனிக்கட்டம். நிரப்பி வந்ததும் அந்தப் பொம்பளைக்குப் போன் போட்டு, அவனுக்குப் போற பக்கத்தை வரி வரியா வாசிச்சுக் காட்டி, சரின்னு சொன்ன பிறகுதான் அனுப்புவேன். அனுப்புறதுக்கு முன்னாடி ஆத்தாவை ஒரு தடவை நினைச்சுக்குவேன். மெச்சுறவங்ககிட்ட இப்ப பல்லைக் காட்டுறதில்லை.

தப்புப் பண்ணிட்டோமே, எந்த முகத்தை வச்சுக்கிட்டு ஆத்தாகிட்ட கேக்குறதுன்னு யாரும் ஒதுங்கி நிக்காதீங்க. எனக்கும் முகம் இல்லைதான். நான் தப்பைக் கண்டுபிடிக்கிறதுக்கு மூணு நாள் முன்னாடியே ஆத்தா கிளம்பிப் போய் அந்த வாசல்ல உக்காந்துட்டா. சண்டை போட்டாவது கேளுங்க.

புஷ்பம் இப்ப அந்த லயத்துல இல்லை. எங்க இருக்கான்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. ஆத்தாவுக்குத் தெரியும், அது போதும்.