பிலோமினா டீச்சரும் மூன்றாம் படகும்

முதலில் ஒரு மன்னிப்பு. நம் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதுவது முத்து முத்தாக இருக்கும். என் எழுத்து ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வரிகள் பாலத்து மேட்டில் ஏறும் கைவண்டி மாதிரி போகும். செயலாளர், "நீ சொல்லு நைனா, நான் எழுதிக்கிறேன்" என்றார். நான் ஒப்பவில்லை. அறுபத்தாறு வயதில் எழுத்து கற்று, நான் எழுதும் முதல் கட்டுரை இது. நான்கு நாளாக எழுதுகிறேன். பொறுத்துப் படியுங்கள்.

செய்தி வந்தபோது தினசரியில் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பால் டிப்போ மாணிக்கம் வாசலில் சைக்கிளை நிறுத்தி, "டீச்சரம்மா பூட்டாங்கோ நைனா. நாற்காலில குந்திகினே பூட்டாங்கோ" என்றான். என் விரல் ஒரு நீளமான சொல்லின் நடுவில் இருந்தது. அதை முடிக்காமலே எழுந்து போனேன்.

ராயபுரத்தில் பலருக்கு அவர் கணக்கு டீச்சர். எனக்கு அவர் வேறு மாதிரி அறிமுகம். வெள்ளைக்காரன் காலத்து வக்கீல் இன்னாசிராயரின் பேத்தி அவர். ஹைகோர்ட்டில் வாதாடியவர், சட்டசபையில் தலைப்பாகையோடு எழுந்து நின்று துரைமார்களுக்குப் பதில் சொன்னவர் அந்த வக்கீல். அவர் கட்டிய பெரிய வீட்டின் கூடத்தில் அவருடைய வண்ணப்படம் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு வம்ச மரம். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு பெயர், பெயருக்குக் கீழே உத்தியோகம். வக்கீல், டாக்டர், ரயில்வே அதிகாரி. வக்கீலுடைய தகப்பனார் வட்டத்தில் மட்டும் "சந்தியாகு" என்ற பெயர் இருக்கும். கீழே ஒன்றும் இருக்காது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சருக்கு அந்த வெற்றிடம் கண்ணை உறுத்தியது. "மனுஷன் என்ன செஞ்சார்னே தெரியாம அவருக்குப் பூ வைக்கிறோமே அண்ணே" என்பார்.

பூ வைத்ததும் உண்மை. துறைமுக வேலை முடிந்து வீட்டோடு இருந்த எனக்கு, கல்லறைத் திருநாள் வரும் நவம்பர் மாதம் முழுக்கக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை கிடைக்கும். ஒரு வருஷம் அந்த மாதக் கடைசியில் டீச்சர் பூக்கூடையோடு வந்தார். சந்தியாகுவின் கல்லில் பெயருக்குக் கீழே பெருக்கல் குறி போல ஒன்று செதுக்கியிருந்தது. நான் முள்ளை வெட்டிவிட்டுக் கல்லைத் தேய்த்ததும் அது பளிச்சென்று தெரிந்தது.

"இன்னா டீச்சரம்மா, கல்லறைல துடுப்பு போட்டுக்கீது?" என்றேன்.

"துடுப்பா? அது புனித பெலவேந்திரர் சிலுவை. அவரை இந்த மாதிரி சாய்ஞ்ச சிலுவையிலதான் அறைஞ்சாங்க. அதனாலதான் அவர் திருநாளன்னிக்கு இங்க பூ வைக்கிறோம். எங்க வீட்ல தலைமுறைக்கு ஒரு பெலவேந்திரன் உண்டு."

"சிலுவைக்கு இன்னாத்துக்குக் கீழ தட்டு? அப்பால, மூணு புள்ளி எதுக்கு?"

வேறு யாராவது என்றால் கோபித்திருப்பார்கள். டீச்சர் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். இரண்டு கோடுகளின் கீழ்முனையிலும் வெற்றிலை வடிவத்தில் தட்டு இருந்தது. பைக்குள்ளிருந்து நோட்டை எடுத்தார். "எப்படித் தெரியும்?" என்றார். யார் எதைச் சொன்னாலும் அவர் கேட்கும் கேள்வி அதுதான்.

எனக்கு அப்போது எழுத்து தெரியாது, மார்க் தெரியும். துறைமுகத்தில் மூட்டையும் பெட்டியும் பிரிப்பது மார்க்கைப் பார்த்துத்தான். வட்டத்துக்குள் முக்கோணம் என்றால் ஒரு கம்பெனி, நட்சத்திரம் என்றால் இன்னொன்று. இந்தப் பழக்கம் அதற்கும் முந்தியது. துறைமுகம் கட்டாத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நிற்கும். கயிறு போட்டுத் தைத்த படகுகள்தான் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவரும். என் அப்பா அப்படி ஒரு படகில் துடுப்புப் போட்டவர். எந்தச் சரக்கு எந்தப் படகு என்று படிக்கத் தெரியாதவர்களும் அறிய, படகின் மூக்கில் குறுக்காக இரண்டு துடுப்பு வரைந்து புள்ளி வைப்பார்கள். மூன்று புள்ளி என்றால் மூன்றாம் படகு.

அப்பாவின் படகும் அதுதான். அதன் தலைவரை, அதாவது தண்டேலை, அப்பா 'சந்தியா தண்டேல்' என்றே சொல்வார். ஒரு நாள் கப்பல் அதிகாரி ஒருவர் தபால் மூட்டையை உடனே ஏற்றச் சொன்னாராம். தண்டேல் கடலைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கி வாணாம்" என்றாராம். வேலைக்கு மறுத்த குற்றத்துக்கு அவரைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. என்ன சொல்கிறாய் என்று கேட்டபோது, "கடல் வாணாம்னுச்சு" என்றாராம். பதினான்கு நாள் ஜெயில்.

இதைச் சொல்லி முடித்ததும் டீச்சர் வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் தாத்தாவின் சட்டசபைப் பேச்சுகள் அடங்கிய புத்தகம். கடலை அறிந்த குற்றத்துக்காகப் பதினான்கு நாள் சிறையில் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும் என்று வக்கீல் ஒரு பேச்சில் சொல்லியிருந்தார்.

"சின்ன வயசிலேர்ந்து இதைப் படிக்கிறேன் அண்ணே. யாரோ கட்சிக்காரர்னு நெனச்சேன். தாத்தாவோட சொந்த அப்பா! அப்பான்னு வாயால சொல்ல முடியல, கல்லுல செதுக்கிட்டார். நாங்க அதுக்கும் ஒரு புனிதரைக் கண்டுபிடிச்சிட்டோம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று முழுக்க எங்கள் இருவருக்கும் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சமயத்தில் டீச்சரின் தம்பி தாத்தாவுக்கு ஒரு நினைவு மலர் தயாரித்துக்கொண்டிருந்தார். தம்பியும் வக்கீல், பெரிய வீடு அவர் பெயரில், அவர் பெயர்தான் பெலவேந்திரன். நான் அவரை ஐயா என்பேன். சந்தியாகு ஒரு வியாபாரக் கம்பெனியில் துபாஷாக, அதாவது துரைமார்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்பவராக இருந்தார் என்று மலரில் எழுதியிருந்தார். டீச்சர் என்னையும் அழைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ என் பேரு துடுப்பிலேர்ந்து வந்ததா?" என்றார் ஐயா.

"நல்ல பேருதான்டா. வெச்சுக்கோ."

"விளையாடாதே அக்கா. தாத்தாவோட அப்பா ஜெயிலுக்குப் போனவர்னு நான் அச்சடிக்கணுமா? அதுவும் இவர் அப்பா சொன்னார்னு?"

டீச்சர் அமைதியாக, "துபாஷ்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"இந்த வீட்ல இருந்துக்கிட்டு இந்தக் குடும்பத்தைக் கேவலப்படுத்தாதே."

அந்த வாரமே டீச்சர் கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையோரம் ஓர் அறைக்குக் குடி போனார். கூட்ஸ் வண்டி போகும்போது தம்ளர் நகரும். எழுதும் கையைத் தூக்கிக்கொள்வார், வண்டி போனதும் விட்ட இடத்தில் தொடங்குவார். "ஏன் டீச்சரம்மா இந்தப் பேஜாரு? பேசாம துபாஷுன்னே சொல்லிட்டுப் போக வேண்டிதானே?" என்று ஒரு முறை கேட்டேன். "தெரியலன்னா தெரியலன்னு எழுதலாம் அண்ணே. தெரிஞ்சதை மாத்தி எழுத எனக்கு வராது" என்றார். ஐயாவின் மலரும் ஏனோ அச்சுக்குப் போகவில்லை.

அப்பா சொன்னது எழுத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையில்தான் நான் படிப்பக வகுப்பில் சேர்ந்தேன். இறப்பதற்கு முந்தின ஞாயிறு டீச்சர் அந்த நோட்டை என்னிடம் கொடுத்து, "மெதுவா படிங்க. தப்பு இருந்தா சொல்லுங்க" என்றார். நான் பாதிதான் முடித்திருந்தேன்.

சந்தியாகுவின் கல்லறையிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். எல்லோரும் போன பிறகு ஐயா கல் கொத்துகிறவரோடு நின்றுகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது.

"ஏழுமலை, ரெண்டு பேருக்கும் சேர்த்துப் புதுக் கல் வைக்கணும். அந்த மார்க் எப்படிப் போடணும்னு இவருக்கு வரைஞ்சு காட்டு."

"மார்க் மட்டும் போதுங்களா ஐயா?"

அவர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "அக்கா என்னதான் எழுதி வெச்சிருக்கா?" என்றார். நோட்டைப் பிரித்து, விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். சந்தியாகு. மூன்றாம் படகின் தண்டேல். கடல் வேண்டாம் என்றது; அவர் போகவில்லை. பதினான்கு நாள் சிறையில் இருந்தார். நான் தடுக்கிய இடத்தில் அவர் அவசரப்படுத்தவில்லை. நானே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

"அதையே கொத்தச் சொல்லு."

கல் கொத்துகிறவர் தயங்கினார். "ஜெயிலுமா சார்? கல்லறைலயா?"

"அதுவும்தான். முதல்ல அது."

டீச்சரின் நோட்டு இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அவர் கேள்வியும் என்னோடு தங்கிவிட்டது. நேற்று மாணிக்கம் மழை வரும் என்று சொன்னபோது, எப்படித் தெரியும் என்று கேட்டு அவனிடம் திட்டு வாங்கினேன். புதன்கிழமை கல் நடுகிறார்கள். போய், ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று அடுத்த வாரம் இதே பக்கத்தில் உங்களுக்கு எழுதுகிறேன்.