அஞ்சல்பெட்டியில் ஒரு பெயர்

ராக்னாவின் அஞ்சல்பெட்டியில் சுன்னிவாவின் பெயர் ஒன்றரை வருடமாக ஒட்டியிருந்தது. அந்த வீட்டில் அவள் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை.

முதுகலைப் படிப்புக்கு அரசாங்கம் எல்லோருக்கும் போல அவளுக்கும் கடன் கொடுத்தது. பெற்றோரைப் பிரிந்து தனியாக இருந்து படித்துத் தேறினால் அதில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டாம், உதவித்தொகையாக மாற்றிவிடுவார்கள். சுன்னிவாவோ ட்ரொன்ஹைம் நகரில் அப்பா அம்மாவோடுதான் இருந்தாள். விண்ணப்பத்தில் மட்டும் வகுப்புத் தோழி ராக்னாவின் அறையை முகவரியாகக் கொடுத்தாள். பெட்டியில் பெயர் இருந்தால் அங்கே குடியிருப்பதாகத்தான் ஊரில் அர்த்தம். அதுவே போதும் என்று நினைத்துவிட்டாள். வாடகை கொடுக்க வேண்டாததால் மிஞ்சிய கடன் பணம் புதுப் பனிச்சறுக்குக் கட்டைகளாயிற்று. மகள் தங்களிடம் கை நீட்டுவதில்லை என்று அப்பா பக்கத்து வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் கடன் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று வாரத்துக்குள் வாடகை ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும்.

ஒப்பந்தம் ஒன்றைத் தானே தட்டச்சு செய்துகொண்டு சுன்னிவா போனாள். ராக்னா கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்து டப்பா மீனை ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தாள்.

"கோட்டக் கழட்டாதடி. ஹீட்டர் போடல, கரண்ட் பில் எகிறுது," என்றாள். பிறகு தாளைப் பார்த்துச் சிரித்தாள். "பேருக்கு இடம் குடுத்தேன், ஆளத்தான் காணோம். பேனா குடு."

கையெழுத்துப் போடப் போகும்போதுதான் சுன்னிவாவுக்குக் கேட்கத் தோன்றியது. "பொய்னு தெரிஞ்சா உனக்கு என்ன ஆகும்?"

"என் கடனையும் நிறுத்திடுவாங்க. எங்க ஊரு வார்டோவுக்குத் திரும்பிப் போய் அப்பாகூட மீன் அறுக்க வேண்டியதுதான். பரவால்ல விடு."

சுன்னிவா தாளை மெல்ல இழுத்துக்கொண்டாள். ராக்னாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தொடக்கத்திலிருந்தே பெற்றோர் வீட்டில்தான் வசிக்கிறேன் என்று அன்று மாலையே அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினாள். உதவித்தொகையாக மாறியது முழுக்க மறுபடி கடனாகும். சாப்பாட்டு மேசையில் அப்பாவிடமும் சொன்னாள். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"பக்கத்து வீட்டுல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவேன்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அஞ்சல்பெட்டியிலிருந்த பெயரை நகத்தால் சுரண்டினாள். பாதிதான் வந்தது. குப்பைப் பையோடு வெளியே வந்த ராக்னா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காலி பண்றியா?" என்றாள். "ஒரு நாளாவது வந்து தங்கியிருக்கலாம். தனியாத்தான இருக்கேன்."