அக்கா சொன்னால் சரி

இணுவிலில் மிளகாய் அரைக்கும் மில் ஒன்றை நடத்துகிறாள் உதயகலா. ஒரு காலத்தில் இயக்கத்தில் பெண்கள் அணி ஒன்றுக்குப் பொறுப்பாக இருந்தவள். இப்போது பொறுப்பெல்லாம் மிளகாய்த்தூளுக்குத்தான். ஆனால் அவளுடைய அணியில் உயிர் தப்பிய பெண்களிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். பிள்ளைகுட்டிக்காரிகள் ஆன பிறகும் அக்காவைக் கேட்காமல் அவர்கள் ஒரு காரியமும் செய்வதில்லை. வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல், பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் அக்காதான். ஒருத்திக்கு வந்த மாப்பிள்ளையை அக்கா படத்தில் பார்த்தே, "உவர் சரிவரமாட்டார்" என்று கலைத்துவிட்டாள். அந்த மனுசன் பாவம், இன்றுவரை காரணம் தெரியாமல் திரிகிறான்.

ஊர்ச் சனம் இதைச் சொல்லிச் சிரிக்கும். உதயகலாவுக்குச் சிரிப்பு வராது. யாராவது "அக்கா சொன்னால் சரி" என்றால் எழுந்து மில்லுக்குள் போய்விடுவாள். காரணம் கீர்த்திகா.

போரின் கடைசி மாதங்களில் பள்ளிக்கூடச் சப்பாத்தோடு அணிக்குள் வந்து சேர்ந்த பிள்ளை அவள். ஒரு விடியற்காலை அவர்கள் ஒரு வயல்வெளியைக் கடந்தே ஆக வேண்டியிருந்தது. மிதிவெடி இருக்குமோ என்று எல்லோரும் தயங்கி நின்றார்கள். "பாதை எனக்குத் தெரியும், பயப்பிடாமல் நடவுங்கோ" என்றாள் உதயகலா. அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. கீர்த்திகா முன்னால் நடந்தாள். வெடித்தது. பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டாள். அடுத்ததாக நடந்த தர்சிகாவின் முதுகெலும்போரம் ஓர் இரும்புத் துண்டு ஏறியது. பொறுப்பாளர் நடுவில் நடப்பதுதான் அவர்களுடைய முறை. அந்த முறையை நினைத்தாலே உதயகலாவுக்கு இன்றும் கூசுகிறது.

சென்ற வாரம் அந்தத் தர்சிகா தெல்லிப்பழையிலிருந்து மில்லுக்கு வந்தாள்.

"முதுகு நோ தாங்கேலாமல் கிடக்கு அக்கா. ஒப்பிரேசன் செய்து துண்டை எடுக்கலாமாம். அது சரிவராமல் போனால் கால் விளங்காமல் போகுமாம். என்னைத்தான் முடிவெடுக்கச் சொல்லுறார் டொக்டர்."

"அப்ப முடிவை நீயே எடன்."

"நீங்கள் சொல்லுங்கோ. செய்யிறன்."

உதயகலா மில்லை நிறுத்தினாள். மிளகாய்ப் பையோடு நின்றவர்களைப் பிறகு வரச் சொன்னாள். இன்னொருத்தியையும் தன் சொல்லை நம்பிப் போகவிட அவளால் முடியாது. இத்தனை காலம் அடக்கி வைத்தது வாய்க்கு வந்துவிட்டது.

"தர்சி, என்ரை சொல்லைக் கேளாதை. அண்டைக்குப் பாதை தெரியும் எண்டு நான் சொன்னது பொய். கீர்த்தி செத்தது என்னாலைதான்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. கூடவே பாரம் இறங்கிய நிம்மதியும் வந்தது. இனி இவள் திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று காத்திருந்தாள்.

தர்சிகா அசையவில்லை.

"தெரியும் அக்கா. எங்கள் எல்லாருக்கும் அண்டைக்கே தெரியும். உங்கடை கை நடுங்கினதைக் கீர்த்திதான் எனக்குக் காட்டினவள்."

"தெரிஞ்சும் ஏனடி நடந்தனீங்கள்?"

"வேறை வழி இருந்ததே? எப்பிடியும் நடக்கத்தான் வேணும். நீங்கள் அப்பிடிச் சொன்னபடியால் அழாமல் நடந்தம்." அவள் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "இப்பவும் எனக்கு வேறை வழியில்லை. இந்த நோவோடை இருக்கேலாது. அந்தப் பொய்யை இன்னொருக்காச் சொல்லுவியள் எண்டுதான் வந்தனான்."

இனி எதைச் சொன்னாலும் எடுபடாது என்று உதயகலாவுக்குத் தெரிந்தது. தர்சிகாவுக்கு மிச்சமிருந்த ஒரே துணிவைத் தன்னுடைய நிம்மதிக்காகத் தானே பறித்துவிட்டாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தர்சிகா எழுந்தாள்.