ஆந்தைக் குச்சியும் சிவப்புத் தலைக் கல்லும்

"காசு கொடுத்துச் சாவுக்குருவியப் பாக்கப் போற ஒரே ஆளு நீங்கதான்" என்று சொல்லிக்கொண்டேதான் என் மனைவி பையைக் கட்டிக் கொடுத்தாள். பல வருடங்களாகப் பகல் பறவைகளைப் பார்த்து வருகிறேன். இரவுப் பறவை விஷயத்தில் நான் பூஜ்யம். டெல்டாவில் ஒரு பெண் வயலுக்குள் அழைத்துப்போய் ஆந்தை காட்டுகிறார் என்று நண்பர் சொன்னதும், தை மாதத்து வளர்பிறைச் சனிக்கிழமை ஒன்றைப் பிடித்துக் கிளம்பிவிட்டேன். சம்பா அறுவடைக்கு முந்தைய வாரம். கதிர் முற்றினால் எலி வரும், எலி வந்தால் ஆந்தை வரும்.

திருச்சியில் பகல் ஒரு மணிக்குப் பேருந்து. கும்பகோணம் சேர மூன்று மணி நேரம். தஞ்சாவூரைத் தாண்டுவதற்குள்ளேயே பாதிப் பொறுமை போய்விடும். அங்கிருந்து நன்னிலத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் சுவர்களில் விளைநிலத்தில் எரிவாயுக் கிணறு வேண்டாம் என்ற வாசகம். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் அதையே பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருந்தன. எல்லாரும் வேண்டாம் என்றால் தோண்டுகிறவர் யார் என்று எனக்குப் புரியவில்லை.

நன்னிலத்தில் அந்தப் பெண், செல்வராணி, ஸ்கூட்டியுடன் காத்திருந்தார். விலங்கியல் முதுகலை, தனியார் கல்லூரியில் வேலை. அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் பண்ணையில் கூலிக்கு நின்று, பிறகு ஆளுக்கு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், நிலம் வாங்கியவர்கள். நன்னிலத்திலிருந்து எந்தத் திசையில் போனோம் என்பதைச் சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் வருகிறது.

கட்டணம் எழுநூறு ரூபாய், இரவுச் சாப்பாட்டோடு. கருவாட்டுக் குழம்புக்கே அந்தக் காசு தகும். சாப்பிட்டதும் செல்வராணி, "டார்ச் வேணாம் சார். போனையும் ஆஃப் பண்ணிடுங்க. எதுக்காகவும் ஆன் பண்ணாதீங்க" என்றார். ஆந்தைக்குக் கண் கூசும் என்பதற்காகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சித்தப்பாவின் வயலில் நடுநடுவே மூங்கில்கள் நடப்பட்டிருந்தன. உச்சியில் குறுக்கே ஒரு கட்டை. ஆந்தைக் குச்சி என்கிறார்கள். ஆந்தை அதில் உட்கார்ந்து எலியைப் பிடிக்கும். மருந்து வைக்க வேண்டியதில்லை. வரப்பு மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், தலையில் சிவப்புச் சாயத்தோடு நின்றது. அது என்ன என்று கேட்டேன். "அப்புறம் சொல்றேன் சார்" என்றார்.

முதலில் பனைமரத்தில் புள்ளி ஆந்தைகள் இரண்டு, பந்தியில் இடம் கிடைக்காத சம்பந்திகள்போலச் சண்டை போட்டன. பிறகு வெகுநேரம் பனியும் கொசுவும்தான். திடீரென்று தலைக்குமேல் வெள்ளையாக ஏதோ போனது, சத்தமே இல்லாமல். கூகை! எதிரிலிருந்த குச்சியில் இறங்கி, எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, துணியைக் கிழிப்பதுபோல ஒரு அலறல் அலறியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் போனை ஆன் செய்து, அலறலைப் பதிவு செய்து, வரைபடத்தில் இடத்தையும் குறித்துவிட்டேன்.

அந்த வெளிச்சம் போதுமானதாக இருந்தது. தெருப் பக்கமிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி. கூகை பறந்துவிட்டது.

"யார்ரா அங்க? என்னத்தடா அளக்குறீங்க?"

"நான்தான் சித்தப்பா. ஆந்தை பாக்க வந்திருக்காங்க."

முன்னால் வந்த சித்தப்பா நின்றார். "போன தடவையும் இதையேதானம்மா சொன்ன."

செல்வராணி என் பக்கம் திரும்பாமலேயே விஷயத்தைச் சொன்னார். ஐப்பசியில் மூன்று பேர் பைனாகுலரோடு வந்தார்கள். ஆந்தையைப் பற்றிக் கேட்டதைவிட போர்வெல் எத்தனை அடி என்று கேட்டதுதான் அதிகம். அடுத்த வாரமே எரிவாயுக் கிணற்றுக்கு அளந்து நட்ட இந்தக் கல் முளைத்தது. "அவங்கதானான்னு எனக்கு இன்னும் தெரியாது சார். தெரியாதுன்னு சொன்னா இங்க யாரு நம்புறா?"

சித்தப்பா என்னிடம் போனைக் கேட்டு வாங்கினார். திரையில் வரைபடம் திறந்தபடியே இருந்தது. "இது என்னங்க செவப்பா?"

"ஆந்தை உக்காந்த இடம்ங்க."

"என் நெலம்ங்க அது."

போனைத் திரும்ப வாங்கி, அந்தக் குறியை அவர் கண்முன்னாலேயே அழித்தேன். பதிவு செய்த அலறலையும் அழித்தேன். அவ்வளவு வெட்கம்.

அவர் வயலுக்குள் இறங்கி ஆந்தைக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வரப்பில் போட்டார். "எலி வந்துடும் சித்தப்பா, அறுக்கப் போற நேரத்துல" என்று செல்வராணி கெஞ்சினார்.

"திங்கட்டும்மா. எலின்னா மிச்சமாவது வைக்கும். என் வயல்ல எந்தக் குச்சிய எவன் நட்டான்னு இனிமே நான் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

கல்லையும் பிடுங்கு என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். பக்கத்து ஊரில் பிடுங்கியவர்கள் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்களாம். சித்தப்பா கல்லைத் தொடவில்லை.

சற்று நேரத்தில் கூகை திரும்பி வந்தது. குச்சி இருந்த இடங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பிறகு அந்தச் சிவப்புக் கல்லின் தலையில் போய் உட்கார்ந்தது. "அய்யய்யோ, அதுலயா போயி குந்தணும்" என்றார் ஒரு பெண். சித்தப்பா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

காலையில் பேருந்து ஏற்றிவிடும்போது, "நீங்கதான் சார் கடைசி. இனிமே யாரையும் கூட்டிட்டுப் போக மாட்டேன்" என்றார் செல்வராணி. அவர் கண்கள் வீங்கியிருந்தன. சித்தப்பா வீட்டில் இனி அவரோடு பேசுவார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

என் வலைப்பதிவுகளின் அடியில் எப்போதும் வரைபடம் இருக்கும். இதில் இல்லை, பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். புள்ளி ஆந்தை உங்கள் ஊர்ப் பொந்து மரத்திலேயே இருக்கும், அந்தி சாயும்போது கீழே நின்றால் போதும். கொசுவத்தி வேலைக்காகாது, முழுக்கைச் சட்டை போடுங்கள். அடுத்தவர் வயலில் இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால், வழிகாட்டி சரி என்று சொன்னதை வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். வயல்காரரிடம் கேளுங்கள். பகலில் போய், முகத்தைக் காட்டிக் கேளுங்கள்.