மாப்பிள்ளை கடையில் வாங்கிய பழைய ப்ராசஸர்

உஷாராணி என்ற பெயரை நான் முதலில் கேட்டது அவள் பிறந்த முப்பதாம் நாள். அவள் அப்பா சுப்பன் எனக்குச் சித்தப்பா மகன், அண்ணன் முறை. அப்போது நான் ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். அண்ணன் சைக்கிளில் எங்கள் லயத்துக்கு வந்து கல்கண்டு கொடுத்தார்.

“புள்ளைக்கு உஷாராணின்னு பேரு வெச்சிட்டேன் தங்கச்சி.”

என் மாமியார் உள்ளேயிருந்தே கேட்டார்: “மரம் சீவிப் பால்வாளி தூக்கப் போற புள்ளைக்கு ராணின்னு ஒரு பேரா?”

அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். மாமியார் மேல் எனக்குக் கோபம். திருப்பிக் கேட்காத அண்ணன் மேல் அதைவிடக் கோபம். எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு அது ஒரு வியாதி. சம்பந்தி வீடு என்றால் வாய் கட்டிப்போகும்.

உஷா பால்வாளி தூக்கவில்லை. பத்தொன்பது வயதில் சிப் செய்கிற ஃபேக்டரியில் சேர்ந்தாள். விடியுமுன் பஸ் வரும், ஏறிப் போவாள். இருபத்தாறு வருஷம் பூதக்கண்ணாடிக்குள் குனிந்து வேலை செய்தாள். வெளியே எவனாவது சிப்பின் மேல் உள்ள எழுத்தைத் தேய்த்து அழித்து, விலை கூடிய சிப்பின் எழுத்தைப் பொறித்து விற்றுவிடுவான். அந்த மாதிரிக் கள்ளச் சாமான் சில சமயம் கம்பெனிக்கே திரும்பி வரும். அதைப் பிரித்தெடுக்கிற மேசையில்தான் கடைசி ஒன்பது வருஷம் அவள் இருந்தாள். பிறகு ஆட்குறைப்பு என்றார்கள். நாற்பத்தைந்து வயதில் வீட்டில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்றால் சும்மா இல்லை. கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் செய்யக் கற்றுக்கொண்டாள். ஜாசினில் ஸ்டூடியோ வைத்திருக்கும் திலீபன் வேலை கொடுத்தான். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் பழசு. ஒரு படத்தைத் திறந்தால் நின்றுவிடும். இரண்டு ஆல்பம் தேங்கிப்போனபோது திலீபன் போன் செய்தான்.

“வியாழக்கிழமைக்குள்ள வரலன்னா வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்க்கா. கல்யாண வீட்டுக்காரங்க என்னைத் திட்டுறாங்க.”

அந்த ஒரு ஸ்டூடியோதான் அவளுக்கு. அது போனால் ஆபீஸ் கூட்டிப் பெருக்கப் போக வேண்டும். புது கம்ப்யூட்டருக்கு வழியில்லை. உள்ளே இருக்கிற ப்ராசஸர் சிப்பை மட்டும் மாற்றினால் போதும், பழசாக வாங்கினாலும் ஓடும் என்று பார்த்து, எந்த நம்பர் பொருந்தும் என்று ஒரு தாளில் எழுதி வைத்தாள். எட்டு கோர் உள்ளது வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்து வேலை செய்கிற மாதிரி என்று, அப்போது அவள் வீட்டில் தங்கியிருந்த எனக்கு விளக்கினாள்.

அவள் வீட்டுக்காரன் தேவன் அந்தத் தாளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். “நம்ம மாப்பிள்ளை கடை இருக்கும்போது வேற எங்க போறது?”

மாப்பிள்ளை என்றது காந்தனை. தேவனின் தங்கை பவானேஸ்வரியைக் கட்டியவன். புக்கிட் பெருவாங்கில் கீழே பழைய கம்ப்யூட்டர் கடை, மேலே வீடு.

ஞாயிற்றுக்கிழமை போனோம். பவானியைப் பார்த்து நாளாயிற்றே என்று நானும் காடியின் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். காந்தன் வாசலிலேயே வரவேற்றான். “வாங்க அத்தை. தங்கச்சி, நீயும் மேல போயி கோப்பி குடி. சாமான் விஷயத்த ஆம்பளைங்க நாங்க பாத்துக்கிறோம்.”

இருபத்தாறு வருஷம் சிப் பார்த்தவள் மாடியில் கரிபாப் தின்றுகொண்டிருந்தாள். ஒரு சிப்பைக்கூடக் கையில் தொட்டறியாத தேவன் கீழே நின்று வாங்கினான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

காந்தன் சின்னப் பெட்டியோடு மேலே வந்தான். “இந்தா தங்கச்சி. எட்டு கோர். வெளிய அறுநூறு வெள்ளி, உனக்குன்னு நானூறு.”

உஷா பெட்டியின் டேப்பில் நகத்தை வைத்தாள். தேவன் முறைத்தான். “மாப்பிள்ளை கையால கொடுக்கிறாரு. வாங்கி வை.”

எங்களில் அப்படித்தான். பெண் கொடுத்த வீட்டு மாப்பிள்ளை தருகிற பொருளை அவர் எதிரில் பிரித்துப் பார்க்கமாட்டோம். சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். உஷா பெட்டியைக் கைப்பைக்குள் போட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிரித்துப் பாரடி என்று சொல்லவில்லை. அந்த வியாதி எனக்கும் இருக்கிறது.

டுரியான் துங்காலில் தன் வீட்டுக்கு வந்ததும் பிரித்தாள். போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தாள். அவள் முகம் மாறியது.

“அத்தை, இந்த மூடியப் பாருங்க. கோடு எல்லாம் ஒரே பக்கமா போகுது. மூலை மழுங்கியிருக்கு. இது தேய்ச்சது.”

எனக்குத் தெரிந்தது ஒரு தகரத் துண்டுதான். அவள் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டினாள். திரையில் நாலு என்று வந்தது.

தேவன் தலையைச் சொறிந்தான். “மாப்பிள்ளைக்கே தெரியாம இருந்திருக்கும்.”

“தெரியாதவரா கடை வெச்சிருக்காரு?”

“சத்தம் போடாத. பவானி அங்க வாழணும். கொஞ்ச நாள் போகட்டும், பக்குவமா சொல்லிக்கலாம்.”

“வியாழக்கிழமைக்கு இன்னும் எத்தன நாளு? சொல்லுங்க! பவானி வாழறதுக்கு நான் என் வேலைய விடணுமா?”

“பெரியம்மா, நீங்களாவது சொல்லுங்க” என்று என்னைப் பார்த்தான்.

“என்னத்தப்பா சொல்ல? நாளைக்கு அவகூட நான் போறேன்” என்றேன்.

திங்கள் காலை உஷா காடியை ஓட்டிய வேகத்தில் நான் கதவுப் பிடியை விடவே இல்லை. கடையில் இரண்டு மலாய் மாணவர்கள் சாமான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அடடே, அத்தை! பசியாறிட்டீங்களா?” என்றான் காந்தன்.

உஷா பெட்டியை வைத்தாள். “அண்ணே, இது நாலு கோர்.”

“உன் மெஷின் பழசுலா தங்கச்சி. அதான் அப்படிக் காட்டுது.”

“அப்ப உங்க மெஷின்ல போடுங்க.”

“வேலையா இருக்கேன்லா. தேவன் மச்சான வரச் சொல்லு, நாங்க பேசிக்கிறோம்.”

“அவருகிட்ட என்ன பேச்சு? எழுத்தத் தேய்ச்சது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

“உனக்கென்னம்மா தெரியும்? ஃபேக்டரியில உக்காந்து சாமான் எண்ணிக்கிட்டு இருந்தவ.”

 உஷா அந்த மாணவர்களிடம் திரும்பி, இந்தக் கடையில் வாங்குவதென்றால் மூடியின் மூலையைத் தடவிப் பார்த்து வாங்குங்கள் என்று மலாயில் சொன்னாள். ஒருவன் கையிலிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தான்.

காந்தன் பதறிப்போனான். “தங்கச்சி, தங்கச்சி! நாம ஒரே குடும்பம்.”

“குடும்பம்னுதானே பிரிச்சிப் பாக்காம வாங்கினோம்! சிப் வெச்சிருக்கிற ட்ரேய எடுங்க.”

எடுத்தான். கைப்பையிலிருந்து அவள் ஒரு சின்ன லென்ஸை எடுத்தாள். அந்த நம்பரில் ஆறு இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்து ஐந்தை ஒதுக்கினாள். ஆறாவதைக் காந்தனின் மெஷினிலேயே மாட்டச் சொன்னாள். எட்டு வந்தது. தேய்த்த சிப்பை அவன் முன்னால் வைத்துவிட்டு, அந்த ஆறாவதை எடுத்துக்கொண்டாள்.

“மத்த அஞ்சும் கள்ளச் சாமான். விக்காதீங்க. வித்தா மறுபடியும் வருவேன்.”

பவானி மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கண் சிவந்திருந்தது. “அண்ணி, என் வீட்டுக்காரர வெளி ஆளுங்க முன்னாடி அசிங்கப்படுத்திட்டீங்க.”

“ஆமா பவானி” என்றாள் உஷா. லென்ஸைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு காடிக்கு நடந்தாள்.

இரண்டு ஆல்பமும் புதன்கிழமையே திலீபன் கைக்குப் போய்விட்டன.

பவானி வீட்டார் அந்தத் தீபாவளிக்கு வரவில்லை. தேவன் ஒரு மாசம் உஷாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரிய மனுஷி கூட இருந்தும் தடுக்கவில்லையே என்று செர்காமிலிருந்து தேவனின் பெரியப்பா எனக்குப் போன் செய்து கேட்டார். ஏனய்யா தேய்த்தாய் என்று காந்தனை ஒரு ஆள் கேட்டிருக்கிறாரா? இல்லை. தை மாசம் அந்தப் பெரியப்பா வீட்டில் நடந்த கல்யாணத்தில் அவனுக்கு மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். உஷாவை வா என்று கேட்க வாசலில் ஆளில்லை. நான் அங்கே சாப்பிடாமல் எழுந்து வந்தேன். காரணம் கேட்ட எல்லோரிடமும் காரணத்தைச் சொன்னேன்.

உஷாராணி இப்போது டுரியான் துங்காலில், தன் வீட்டு முன்னறையில் ஆல்பம் வேலை செய்கிறாள். மூன்று ஸ்டூடியோக்காரர்கள் அவளுக்கு வேலை கொடுக்கிறார்கள்.