பெடல் வைத்த கம்ப்யூட்டர்

தெருவில் அவரை ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர், ஆளும் தொழிலுக்கேற்ற ஒல்லி. பொறுமை என்பது அவர் கடையில் கிடைக்காத சரக்கு. வந்தவர் "நூல் அடிக்கடி..." என்று இழுத்தால், "அறுந்து போகுது, தெரியும், வெச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்துவிடுவார். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அதுதான் வம்பே. சரியாகச் சொல்லிப் பழகிய மனுஷனை யாரும் குறுக்கே பேசி நிறுத்துவதில்லை.

வீட்டில் இந்தப் பழக்கம் முழுதாக வந்து விடிந்தது அவருடைய தங்கை தலையில். முப்பதைத் தாண்டியும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். பிறக்கும்போது மூளையில் ஏற்பட்ட பாதிப்பில் கைகால் அவள் சொல் கேட்காமல் போயிற்று. இந்தப் பக்கம் போ என்றால் கை அந்தப் பக்கம் போகும். பேச்சிலும் ஒவ்வொரு எழுத்தும் முண்டியடித்துத்தான் வெளியே வரும். புத்தியில் ஒரு குறையும் கிடையாது. நாக்கு மட்டும் ஒத்துழைத்திருந்தால் அந்தத் தெருவில் ஒருத்தரும் நிம்மதியாக நடமாடியிருக்க முடியாது.

அவள் "த" என்றால் அண்ணன் "தண்ணியா? இந்தா" என்பார். வந்தவர்கள் அவளிடம் நலம் விசாரித்தால் பதில் அவரிடமிருந்து வரும். அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும், யாரைப் பிடிக்காது, ஏன் வெளியே வரமாட்டாள், எல்லாவற்றுக்கும் அவர் வாய்தான். பாசத்தில் குறை சொல்ல முடியாது. அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

அப்படிப்பட்டவள் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேலைக்கு விண்ணப்பித்துவிட்டாள். மின்விசிறி செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு வரும் புகார்களுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பதில் எழுதும் வேலை. பேச வேண்டிய அவசியமே இல்லை என்று படித்ததிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. அண்ணியின் கைபேசியில் ஒற்றை விரலால் குத்திக் குத்தி, 'மெதுவாகத்தான் எழுதுவேன். ஆனால் நான் எழுதியதை நீங்கள் திருத்த வேண்டியிருக்காது' என்று அனுப்பியிருந்தாள். அந்தத் திமிர் அங்கே யாருக்கோ பிடித்துவிட்டது. ஒரு சோதனை வைக்கிறோம், தயாராகுங்கள் என்று பதில் வந்தது.

விஷயம் தெரிந்ததும் ஊசி கடையை மறந்தார். வீட்டில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, கீபோர்டு நழுவாமல் மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கினார். பாப்பா ஒரு எழுத்தை அழுத்தப் போனாள். கை இழுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. திரை முழுக்க ககககக.

"காக்காக் கூட்டமே வந்து உக்காந்திருக்கு" என்றாள் அண்ணி. முதலில் சிரித்தது பாப்பாதான்.

ஊசி சிரிக்கவில்லை. கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் நேராக ஓட்டை போட்டு, கீபோர்டின்மேல் பொருத்தினார். இனி கையைத் தகட்டின்மேல் தாராளமாக ஊன்றிக்கொள்ளலாம். ஓட்டைக்குள் விரல் இறங்கினால்தான் எழுத்து. ஒரு பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் மட்டும் எழுத்து விழும்படி செய்யும் வசதி கம்ப்யூட்டருக்குள்ளேயே இருப்பதை அண்ணி துழாவிக் கண்டுபிடித்தாள். தவறிப் பட்டதையெல்லாம் அது கண்டுகொள்ளாது.

மவுஸ்தான் படாத பாடு படுத்தியது. அம்பை நகர்த்த உள்ளங்கையால் உருட்டும் பெரிய பந்து ஒன்று வாங்கியாயிற்று. கிளிக் செய்ய? பாப்பாவின் கைகால்களில் இடது கால்தான் கொஞ்சமாவது சொன்ன பேச்சுக் கேட்கும். கடையில் கிடந்த தையல் மெஷின் பெடல் ஒன்றைப் பிரித்து, கிளிக் பட்டனின் வயரை அதற்குள் கொண்டுபோய்ப் பற்றவைத்தார். கால் வெட்டி இழுத்தபோது பெடல் தானாக மிதிபட்டு, அவள் எழுதிக்கொண்டிருந்தது அப்படியே மூடிக்கொண்டது. இன்னும் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டார்.

"மே..." என்றாள் பாப்பா.

"மேசையை ஏத்தணுமா? தெரியும்" என்று ஏற்றினார். அவள் சொல்ல வந்தது மேசை ஏற்கெனவே ரொம்ப உயரம் என்பது. அதை மறுபடி இறக்க வைப்பதற்குள் அவளுக்குக் கழுத்து வலி வந்துவிட்டது.

சோதனை நாள் வந்தது. நிறுவனத்தின் மேற்பார்வையாளர் ஒரு வாடிக்கையாளர் போல எழுதினார்: 'உங்கள் ஃபேன் கடகடவென்று சத்தம் போடுகிறது. கடைக்காரர் அது என் காதுக் கோளாறு என்கிறார்.'

பாப்பா விரலை ஓட்டைக்குள் இறக்கினாள். ஒரு எழுத்து. காத்திருந்து இன்னொன்று. 'சத்தம் கே' என்பது வரை வந்தது. பக்கத்தில் நின்ற ஊசிக்கு உடம்பெல்லாம் எறும்பு ஊர்ந்தது. வேலை கைநழுவிப் போகிறதே என்று அவளை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீ தள்ளு, நான் முடிச்சிடறேன். மன்னிக்கணும், ஆள் அனுப்பறோம்னு எழுதினாப் போதும்" என்று தகட்டின் ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் படபடவென்று தட்டினார்.

திரையில் ஒன்றும் விழவில்லை. இன்னும் வேகமாகத் தட்டினார். ஒரு புள்ளிகூட இல்லை. நிதானமாக அழுத்திப் பிடிக்கிறவளுக்கென்று கட்டிய கீபோர்டு, பதறுகிற விரலை மதிக்கவே இல்லை. பாப்பா நாற்காலி குலுங்கச் சிரித்தாள். ஊசிக்குக் காது சிவந்தது. சொல்ல வந்தது எதுவும் போய்ச் சேராமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது. இவளுக்கு வாழ்நாள் முழுக்க இதைத்தானே செய்திருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது.

அதற்குள் திரையில் கேள்வி வந்தது: 'உங்களுக்கு யாராவது உதவுகிறார்களா?'

பாப்பா ஒவ்வொரு எழுத்தாக இறக்கினாள்: 'அண்ணன் இருந்தார். வெளியே போகிறார்.'

படித்துவிட்டு அண்ணன் வெளியே போனார். வாசலில் நின்றால் உள்ளே பெடல் மிதிபடும் சத்தம் மட்டும் கேட்டது. எதிர்வீட்டு டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டே, "என்ன அண்ணே, பாப்பா உள்ள என்ன பண்ணுது?" என்றார்.

"எழுதிட்டிருக்கா. என்னன்னு எனக்கே தெரியாது" என்றார் ஊசி. அப்படிச் சொல்வது அவருக்குப் புதிது.

அண்ணி வந்து கூப்பிட்ட பிறகுதான் உள்ளே போனார். திரையில் பாப்பாவின் பதில் இருந்தது: 'சத்தம் கேட்கிறது என்றால் இருக்கிறது என்றுதான் அர்த்தம், உங்கள் காதில் கோளாறில்லை. ஃபேனை நிறுத்திவிட்டு ஒவ்வொரு இறக்கையாக அசைத்துப் பாருங்கள். ஆடுகிற இறக்கையின் திருகு தளர்ந்திருக்கும்.' நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு ஃபேனையே பார்த்து வளர்ந்தவளுக்குத் தெரியாத சத்தமா? அதற்குக் கீழே மேற்பார்வையாளர் என்ன எழுதியிருந்தார் என்று தெரியவில்லை. பாப்பா தன் கையால் அதை மறைத்து வைத்திருந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றார் ஊசி.

"கெ..." என்று ஆரம்பித்தாள் பாப்பா. கழுத்து ஒரு பக்கம் திரும்பியது, உதடு கோணியது. அடுத்த எழுத்து வர நேரமாயிற்று. அண்ணி வாயைத் திறந்தாள். ஊசி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "டை..." என்றாள் பாப்பா, மூச்சு வாங்கிக்கொண்டு.

முதல் எழுத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் "கெடைச்சிருச்சு" என்பதன் கடைசி எழுத்து அவள் வாயிலிருந்து வந்து சேரும்வரை ஊசி வாயைத் திறக்கவில்லை.