மெதுவாக மிதித்தால் எரியாத விளக்கு

"மாமா, வண்டிய ஓரங்கட்டு!" என்று ஹாரனை அடித்துக்கொண்டே கத்தியவன் என் மனைவியின் தம்பி. செங்கல்பட்டில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு நான் என் பழைய காரில் புதுப்பட்டினம் திரும்பிக்கொண்டிருந்தேன். அவன் தன் லோடு வண்டியில் மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தான். திருக்கழுக்குன்றம் தாண்டி ஓர் எருமை குறுக்கே வந்தது. நான் வேகத்தைக் குறைத்ததும் அவன் வண்டி என் டிக்கியை இடிக்காத குறையாக வந்து நின்றது.

"இன்னா மாமா, பிரேக் லைட்டே எரியல. நீ நிக்கப்போறேன்னு எனக்கு இன்னா ஜோசியமா தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. நான் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருப்பவன். ஊருக்கெல்லாம் பல்ப் விற்கிறவன் வண்டியில் பல்ப் எரியவில்லை என்று தெரிந்தால் கடைத்தெருவில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சு இருக்காது. மெக்கானிக்கிடம் போவதைப் பற்றி நினைக்கவே இல்லை. லோடை இறக்கிவிட்டு வீட்டுக்கு வரச் சொன்னேன்.

அன்று காலையிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. மனைவி கனடாவில் இருக்கிறாள். மகளுக்குப் பிரசவம் என்று போனவள். ஆறு மாதத்தில் திரும்புவதாகத்தான் பேச்சு. அப்புறம் குழந்தைக்குச் சளி, அப்புறம் அங்கே குளிர் என்று தள்ளிக்கொண்டே போனது. நான் காதுகுத்துக்குக் கிளம்பும்போது போன் செய்தாள். அவளுக்கு அங்கே படுக்கப்போகிற நேரம்.

"இவ வேலைக்குத் திரும்பப் போறா. இன்னும் மூணு மாசம் இருன்னு சொல்றா. விடிஞ்சா பதில் சொல்லணும். நீங்க இன்னா சொல்றீங்க?"

"உன் இஷ்டம்" என்றேன், சட்டைப் பித்தானைப் போட்டபடியே.

"சரி" என்று வைத்துவிட்டாள்.

வா என்று வாய்விட்டுக் கூப்பிட எனக்குக் கூச்சம். பேரன் பிறந்த வீட்டில் இருப்பவளை, எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை என்று எப்படிக் கூப்பிடுவது? அவளாகப் புரிந்துகொண்டு வரட்டும் என்று இருந்தேன். காதுகுத்து வீட்டில் பந்தியில் உட்கார்ந்தவர்களும் பரிமாறியவர்களும் "அக்கா எப்போ வருது?" என்றுதான் கேட்டார்கள். பாயசத்தைக்கூட நிம்மதியாகக் குடிக்கவிடவில்லை. திரும்பி வரும்போது இடது பக்கத்து சீட்டில் தாம்பூலப் பை மட்டும் உட்கார்ந்துகொண்டு வந்தது. ஒவ்வொரு வளைவிலும் அதிலிருந்த தேங்காய் உருண்டது. அவள் இருந்தால் மடியில் வைத்துக்கொண்டிருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினேன். பின்விளக்கின் மூடியைக் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கள் ஊர் உப்புக்காற்றில் திருகாணிகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு பல்பையும் மாற்றினேன். ஹோல்டரை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். ஃபியூஸைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அதோடு நின்றது. பிரேக் விளக்கைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று பார்க்க. இதற்கு முன்பெல்லாம் அவள்தான் மிதிப்பாள். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று திட்டிக்கொண்டே வந்து உட்காருவாள். ஒரு பல்ப் எரிகிறதா என்று பார்க்கக்கூட ஆள் இல்லாத வீடாகிவிட்டதே என்று டிக்கியில் சாய்ந்து நின்றேன்.

மச்சான் வந்தான். உள்ளே உட்காரவைத்து மிதிக்கச் சொன்னேன். இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன.

"ஹோல்டர்லதான் கோளாறு. தேய்ச்சேன், சரியாப் போச்சு" என்று பெருமையாகச் சொன்னேன். நம்பிக்கையோடு காரை எடுத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுப் போனேன். அவன் தன் வண்டியில் பின்னால் வந்தான். திரும்பி வந்து இறங்கியதும் உதட்டைப் பிதுக்கினான்.

"ஒரு வாட்டிகூட எரியல மாமா."

"தூங்கிகினு வந்தியா?"

"கண்ண நல்லா தொறந்துகினுதான் வந்தேன்."

மறுபடி அவனை உட்காரவைத்து மிதிக்கச் சொன்னேன். எரிந்தது. அவனையே தெருமுனை வரை ஓட்டிப்போகச் சொல்லிப் பார்த்தேன். டயர் கிறீச்சிட நிறுத்தினான், விளக்கும் எரிந்தது. நான் ஓட்டினால் எரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து முழித்தோம். கடைசியில் அவன்தான் சொன்னான்.

"வண்டில ஒண்ணியும் இல்ல மாமா. உன் கால்லதான் இன்னாவோ கீது."

கிண்டலுக்குச் சொன்னான், ஆனால் பாதி உண்மை அதில்தான் இருந்தது. நான் பிரேக் போடுவது யாருக்கும் தெரியாது. அவளுக்குக் கார் பயணம் ஒத்துக்கொள்ளாது. கார் வாங்கிய புதிதில் செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தி வாந்தி எடுத்தாள். அதற்கப்புறம் என் கால் வேறு காலாகிவிட்டது. தூரத்திலேயே பார்த்து, வேகத்தை முன்கூட்டியே விட்டு, தூங்குகிற குழந்தையின் முதுகைத் தட்டுவதுபோலத்தான் பிரேக்கைத் தொடுவேன். "நின்னதே தெரியல" என்று அவள் சொல்லும்போது எனக்கு ஏதோ பட்டம் கொடுத்ததுபோல இருக்கும். இப்போது பக்கத்து சீட்டு காலியாகக் கிடக்கிறது. என் கால் மட்டும் இன்னும் அவளை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறது.

ஆனால் மெதுவாக மிதித்தாலும் விளக்கு எரிய வேண்டுமே? அப்போதுதான் பெடலுக்கு மேலே இருக்கும் சுவிட்சைப் பற்றி யோசனை வந்தது. பெடல் மேலே இருக்கும்வரை அதன் தண்டு ஒரு சின்னப் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும். மிதித்தால் பொத்தான் வெளியே வரும், விளக்கு எரியும். அதைப் பார்க்க ஸ்டீரிங்குக்குக் கீழே தலையை நுழைத்து மல்லாந்து படுத்தேன். என் தொப்பைக்கு அது லேசான காரியமில்லை. செல்போன் வெளிச்சத்தை மேலே காட்டினேன்.

பெடல் தண்டில் கோயில் கயிறு கட்டியிருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக இருந்திருக்க வேண்டிய கயிறு, அழுக்கேறிக் கறுத்து இறுகிப்போயிருந்தது. அதன் முடிச்சு சரியாகப் பொத்தான் மேல் உட்கார்ந்திருந்தது. லேசாக மிதித்தால் முடிச்சு பொத்தானை விடவில்லை. ஓங்கி மிதித்தால்தான் விட்டது.

யார் வேலை என்று கேட்க வேண்டியதில்லை. முன்பு ஒருமுறை திருப்போரூர் கோயிலில் வாங்கிய கயிற்றை அவள் காரின் முன்கண்ணாடியில் கட்டினாள். பார்வையை மறைக்கிறது என்று அவிழ்த்து எறிந்து, வழியெல்லாம் திட்டினேன். அதனால் இந்த முறை என் கண் போகவே போகாத இடமாகப் பார்த்துக் கட்டியிருக்கிறாள். படுத்தபடியே போன் செய்தேன். அங்கே விடிந்திருந்தது.

"பிரேக்குல கயிறு கட்னியா?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எப்போ கட்ன?"

"ஊருக்குக் கிளம்பறதுக்கு மொத நாளு. நீங்க கடையில இருந்தீங்க. உள்ள பூந்து கட்டறதுக்குள்ள இடுப்பே போச்சு. நான் பக்கத்துல இருந்தா லாரி வருது, மாடு வருதுன்னு சொல்லிக்கினே வருவேன். தனியா போறப்போ உங்களுக்கு யாரு சொல்லுவா?"

"உன் கயித்தாலதான் லைட்டே எரியல. இத்தினி மாசமா பின்னால வந்தவன் எவனும் இடிக்காம போனதே பெரிய விஷயம்."

"பாத்தீங்களா! இடிக்கலதானே?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்ன செய்வது என்றே எனக்குத் தெரியவில்லை. ஸ்டீரிங்குக்கு அடியில் கிடந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நல்லவேளை, அங்கே யாரும் பார்க்க முடியாது.

"அறுத்துடுங்க. சாமி ஒண்ணும் நினைச்சுக்காது" என்றாள்.

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பிளேடால் இழை இழையாக அறுத்தேன். கயிறு கையில் வந்தது. அப்போதுதான் என் வாயிலிருந்தும் வந்தது.

"நீ வந்துடு. மூணு மாசம் வாணாம். என்னால முடியல."

பின்னணியில் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"இத நான் கேட்டப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டாள். "இருக்கேன்னு இப்பதான் அவகிட்ட சொன்னேன். ஆபீசுக்கு வரேன்னு சொல்லிட்டா. குழந்தைய விடறதுக்குப் பாத்து வெச்ச எடத்தையும் வாணாம்னுட்டா. இனிமே எப்படி மாத்தறது?"

"மாத்த முடியாது. இரு" என்றேன். மூன்று மாதம் என்பது அன்றுதான் எனக்கு அவ்வளவு நீளமாகத் தெரிந்தது.

எழுந்து சீட்டில் உட்கார்ந்தேன். பின்னாலிருந்து மச்சான் குரல் கொடுத்தான். "இன்னா மாமா, ஆச்சா? அமுத்து!" என் வழக்கப்படி, பட்டும் படாமலும் மிதித்தேன்.

"எரியுது மாமா! ரெண்டும் எரியுது!"

"எரியுதாமே?" என்றாள் போனில்.

"எரியுது."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இப்போ சொன்னீங்களே, அத இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்து நின்றான். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தும், கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

"வந்துடு."